கயிறு கட்டுமுன்

பத்தொன்பது நாள் ஓடிய கணினி
விடிகாலை நான்கு மணிக்கு ஓய்ந்தது.
அதன் விசிறி அடங்கிய அமைதியில்தான்
ஜுரேமா திடுக்கிட்டு விழித்தாள்.

திரையில் மரம்.
நுனியெல்லாம் தெளிவு:
ரப்பரும் மரவள்ளியும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்.
தாட்பூட் கொடிக்கு நாலு வாசல் தள்ளி
துருவப் பனியில் கணுக்கால் உயரம்கூட வளராத வில்லோ.
அருவிப் பாறையில் பாசிபோல் ஒட்டிக் கிடந்து
தண்ணீர் வற்றினால் மட்டும் பூக்கிற ஒன்று
பக்கூரி மரத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை.
இதிலெல்லாம் நூற்றுக்கு நூறு.

அடியில்தான் கோளாறு.
கிளை பிரிய வேண்டிய இடத்தில்
சீப்பு.
ஒரே காம்பில் இத்தனை குடும்பமும்
வாழைக்காய் மாதிரி தொங்குகிறது,
எது முதலில் வந்தது என்று சொல்லாமல்.

பிக்கியா மரத்தின் காலடியில் ஓர் எண்:
நாற்பத்துமூன்று.
பள்ளிக்கூடமாக இருந்தால் தேறியிருக்கும்.
முன்பு அதைத் தேயிலையோடு வைத்திருந்தார்கள்,
பூவின் சாயல் பார்த்து.
சாயல் எத்தனை வீட்டில் பொய் சொல்லியிருக்கிறது.

குடும்பத்துக்கு மேலே, வகுப்புக்குக் கீழே
இந்தப் படிக்கு எங்கள் மொழியில் துறை என்று பெயர்.
படகு அணைகிற இடத்துக்கும் அதுவே.
ஜுரேமாவுக்கு இது தெரியாது.
அவள் பாட்டுக்குத் துறைக்கு நடந்தாள்,
மனாவுஸில், கறுப்பாறு ஏறிக்கொண்டிருந்த மார்ச்சில்.
நடைபாதை வெடிப்பில் கீழாநெல்லி.
இங்கே அது கல்லுடைச்சி,
சிறுநீரகக் கல்லுக்குக் காய்ச்சிக் குடிக்கிறார்கள்.
அதுவும் இதே கூட்டம்தான்.
மிதிக்காமல் தாண்டினாள்.

டோரிவால் முன்பே வந்து உட்கார்ந்திருந்தான்.
மரமேறி. நாற்பது மீட்டர் உச்சியிலிருந்து
அவளுக்குப் பூ ஒடித்துப் போடுகிறவன்,
குளவி கொட்டி இடக்கண் சுருங்கியவன்.
தகரக் கூரையடியில் சாப்பாடு:
மரவள்ளி மாவு, தாட்பூட் சாறு,
கிண்ணத்தில் முரிசியும் அசெரோலாவும்.
தம்பாக்கி மீன்கூட
மூழ்கிய காட்டில் ரப்பர் விதை உடைத்துத் தின்று கொழுத்தது.
தட்டு முழுக்கப் பங்காளிகள்.
உப்பும் மிளகாயும்தான் அசலூர்.
(ஜுரேமா என்பதும் ஒரு மரத்தின் பெயர்.
ஆனால் அது அவரைப் பக்கம்.)

"பிக்கியா யாரோட ஆள்?"
"தெரியல."
"பத்தொன்பது நாள் ஓட்டியுமா?"
"ஓட்டியும்."

சாந்தரெம் படகு வந்தது.
கயிறு கட்டவில்லை, பலகை போடவில்லை,
அதற்குள் குதித்தார்கள்:
கோழிக்கூடையோடு ஒருத்தி,
மேசை விசிறியைத் தோளில் சுமந்தவன்,
தூங்கிய தொட்டில்வலையைச் சுருட்டியபடியே ஒரு பையன்,
இரண்டு போலீஸ்காரர்கள்,
கிளாரினெட் பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்த ஒரு கை.
கண்மூடித் திறப்பதற்குள் கரை நிறைந்து
ஆளுக்கொரு திசையில் காலியானது.

வாய்க்குப் போன கவளத்தை நிறுத்தி
யார் முதலில் என்று எண்ணப் பார்த்தாள்.
மூன்றாவது ஆளிலேயே தவறிப்போனது.
இத்தனைக்கும் இது கண்ணெதிரே.
அது பத்துக்கோடி வருஷத்துக்கு முன்னால்,
வெயில் இறங்காத காட்டில்,
கொஞ்ச நேரத்துக்குள்.
கொஞ்ச நேரம் என்றால்
சில பத்து லட்சம் வருஷம்.

கடைசியாக வேகவைத்த பிக்கியா வந்தது.
மஞ்சள் சதையைப் பல்லால் சுரண்ட வேண்டும்,
கொட்டையைக் கடிக்கக் கூடாது. உள்ளே முள்.
இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.
அவளுக்கும் தெரியும்.
கடித்தாள்.

அவள் பையிலிருந்த இடுக்கியை எடுத்து,
காய்ந்த மகரந்தப்பை பிரிக்கிற அதே இடுக்கி,
நாக்கை நீட்டச் சொல்லி
வலக்கண்ணால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினான் டோரிவால்.
பதினேழு. பதினெட்டாகவும் இருக்கலாம்.
ஒன்று உள்ளேயே தங்கிவிட்டது என்றாள்,
எங்கே என்று காட்டத் தெரியாமல்.

திங்கட்கிழமை மறுபடி ஓட விடுவாள்.